மாட்டு முதுகில் முடிச்சா? வார்பிள் ஈயை இனம் பிரித்துப் பார்க்கும் முறை

குளிர்காலம் முடியப்போகும் சமயம். மாட்டின் முதுகைத் தடவும்போது கோலிக்குண்டு அளவில் ஒரு முடிச்சு கையில் தட்டுப்படுகிறது. நாலைந்து நாள் கழித்துத் தடவினால் பக்கத்திலேயே இன்னும் மூன்று, ஒவ்வொன்றின் உச்சியிலும் ஊசியால் குத்தினது போல ஒரு துளை. உள்ளே இருப்பது பெரும்பாலும் வார்பிள் ஈயின் புழுதான். முதுகில் முடிச்சு இருக்கிறது என்பதால் ஈ முதுகில் வந்து முட்டையிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். போன கோடையில் அந்த ஈ மாட்டின் காலில் முட்டை வைத்தது, அதிலிருந்து வந்த புழு தோலைத் துளைத்து உள்ளே போய், மாதக்கணக்கில் உடம்புக்குள் ஊர்ந்து, இப்போதுதான் முதுகுக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

இதை இனம் பிரித்துப் பார்ப்பது ஏன் அவசியம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் "எந்த ஈயாக இருந்தால் என்ன, மருந்து ஒன்றுதானே" என்று பலரும் கேட்கிறார்கள். மருந்து ஒன்றுதான், ஐவர்மெக்டின் வகை மருந்துகளுக்கு எல்லா வார்பிள் புழுவும் சாகும். ஆனால் அது சாகும்போது எங்கே இருக்கிறது என்பதில்தான் ஆபத்து இருக்கிறது. மாட்டைத் தாக்கும் முக்கிய இனங்கள் இரண்டு. ஹைப்போடெர்மா போவிஸ் குளிர்காலத்தை மாட்டின் தண்டுவடக் குழாய்க்குள், தண்டுவடத்தைச் சுற்றியுள்ள கொழுப்பில் கழிக்கும். ஹைப்போடெர்மா லினியேட்டம் உணவுக்குழாயின் சுவருக்குள் கழிக்கும். அந்த நேரத்தில் மருந்து கொடுத்தால், முதல் இனமாக இருந்தால் செத்த புழுவைச் சுற்றி வீக்கம் ஏற்பட்டு மாடு பின்னங்காலை இழுக்கும், சில சமயம் எழுந்திருக்கவே முடியாமல் படுத்துவிடும். இரண்டாவது இனமாக இருந்தால் உணவுக்குழாய் வீங்கி, விழுங்கவும் ஏப்பம் விடவும் முடியாமல் வயிறு உப்பிப்போகும். ஆக, இனத்தின் பெயர் தெரிந்தால் புழு எந்த மாதம் எங்கே இருக்கும் என்பதும் தெரிந்துவிடும்.

புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் நேராக லென்ஸை எடுத்துக்கொண்டு புழுவின் நிறத்தைப் பார்க்கத் தொடங்குகிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன், அதில் நிறைய நேரம் போனது. லென்ஸ் கடைசியில்தான் வர வேண்டும். அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்விகளை வரிசையாகக் கேட்டாலே பாதிக்கு மேல் முடிந்துவிடும்.

முதல் கேள்வி: விலங்கு எது?

வார்பிள் ஈக்கள் தாங்கள் தாக்கும் விலங்கைப் பொறுக்கித் தேர்ந்தெடுப்பவை, அதனால் விலங்கின் பெயரைச் சொன்னாலே இனங்களின் பட்டியல் சுருங்கிவிடும். மாடு என்றால் மேலே சொன்ன போவிஸ், லினியேட்டம் இரண்டில் ஒன்று, அல்லது இரண்டும். யாக் மாடு, அதாவது இமயமலை, திபெத் பகுதியின் சடைமாடு, என்றால் இந்த இரண்டோடு ஹைப்போடெர்மா சைனென்ஸ் என்ற இனத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும், அது சீனப் பகுதியில் யாக்கிலும் மாட்டிலும் காணப்படுகிறது. வெள்ளாடு என்றால் பிரெஷ்வால்ஸ்கியானா சைலீனஸ். மத்தியதரைக் கடல் நாடுகளிலிருந்து மேற்கு ஆசியா வழியாக இந்தியத் துணைக்கண்டத்தின் வடமேற்கு வரை வெள்ளாட்டு முதுகில் முடிச்சு போடுவது இதுதான், செம்மறியிலும் வரும். இதே குடும்பத்தில் வெள்ளாட்டுக்கு வேறு இரண்டு மூன்று பெயர்களைப் பழைய நூல்களில் பார்க்கலாம், அவை எல்லாம் ஒரே இனத்தின் வேறுபாடுகள்தான் என்பது இப்போதைய கருத்து. ஆர்க்டிக் பகுதியின் பனிமான் என்றால் ஹைப்போடெர்மா டாரண்டி. ஐரோப்பிய மான்கள் என்றால் ஹைப்போடெர்மா டயானா, அதிலும் செம்மான் என்றால் ஹைப்போடெர்மா ஆக்டியான் என்ற இன்னொன்றும் சேர்ந்துகொள்ளும்.

குதிரையின் முதுகில், சேணம் வைக்கும் இடத்தில் ஒன்றிரண்டு முடிச்சு இருந்தால் அது பெரும்பாலும் மாட்டு ஈயின் புழு வழிதவறி வந்தது. அது அங்கே முழு வளர்ச்சி அடைவது அபூர்வம், அதனால் குதிரையிலிருந்து எடுத்த புழுவை வைத்து இனம் சொல்வது கடினம். பக்கத்தில் மேயும் மாடுகளைப் பாருங்கள், பதில் அங்கே கிடைக்கும்.

நிலப்பரப்பையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். ஹைப்போடெர்மா ஈக்கள் வட அரைக்கோளத்துக்குச் சொந்தமானவை. தெற்கே ஏற்றுமதியான மாடுகளின் உடம்புக்குள் ஒளிந்துகொண்டு போனாலும் அங்கே நிலைகொள்ளவில்லை. அமெரிக்கக் கண்டத்தின் வெப்பமண்டலப் பகுதியில் மாட்டுத் தோலுக்குள் புழு இருந்தால் அது டெர்மடோபியா ஹோமினிஸ் என்ற வேறொரு ஈயாக இருக்க வாய்ப்பு அதிகம், அதைப் பற்றி பின்னால் சொல்கிறேன்.

இரண்டாவது கேள்வி: இது வார்பிள் முடிச்சுதானா?

கண்ணால் பார்ப்பதைவிடக் கையால் தடவுவது நல்லது. தோள்பட்டையில் தொடங்கி வால் தொடங்கும் இடம் வரை, முதுகெலும்பின் இரண்டு பக்கமும் ஒரு சாண் அகலத்துக்கு, மயிர் படிந்திருக்கும் திசைக்கு எதிராக உள்ளங்கையை அழுத்தி இழுத்துக்கொண்டு போங்கள். முடிச்சு கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே கைக்குத் தெரியும். ஒரு வயது, இரண்டு வயது கன்றுகளை முதலில் பாருங்கள். வயதான மாடுகளுக்குப் பல முறை தாக்கப்பட்டு ஓரளவு எதிர்ப்பு வந்திருக்கும், அவற்றில் புழு குறைவாகவே இருக்கும். கிழட்டுப் பசுவை மட்டும் தடவிப் பார்த்துவிட்டு மந்தையில் ஒன்றுமில்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

வார்பிள் முடிச்சுக்கு ஒரு துளை கட்டாயம் இருக்கும். புழு மூச்சுவிடுவது அதன் வழியாகத்தான். துளையின் மேல் பொருக்கு கட்டியிருந்தால் வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த துணியை வைத்து இளக்கி எடுங்கள், உள்ளே கருப்பாகவோ பழுப்பாகவோ இரண்டு புள்ளி தெரியும். அது புழுவின் தலை அல்ல, பின்புறம். மூச்சுத் துளைகள் பின்புறத்தில் இருப்பதால் புழு தலைகீழாக, பின்பக்கத்தை வெளியே காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. இது நமக்கு மிகவும் வசதி, ஏனென்றால் இனம் பிரிக்கப் பார்க்க வேண்டியதும் அந்தப் பின்புறம்தான்.

துளை இல்லாத முடிச்சு என்றால் வேறு எதையாவது யோசியுங்கள். ஊசி போட்ட இடத்தில் வீங்கியிருக்கலாம், சீழ்க்கட்டியாக இருக்கலாம், உண்ணி கடித்த தடிப்பாக இருக்கலாம். உடம்பு முழுக்க, கழுத்து, மடி, கால் என்று எல்லா இடத்திலும் கெட்டியான முடிச்சுகளும் கூடவே காய்ச்சலும் இருந்தால் அது தோல் கழலை நோயாக இருக்கலாம், அதற்கும் ஈப்புழுவுக்கும் சம்பந்தமில்லை, தாமதிக்காமல் கால்நடை மருத்துவரைக் கூப்பிட வேண்டிய விஷயம் அது. ஆரம்ப நாட்களில் வார்பிள் முடிச்சிலும் துளை மிகச் சிறியதாக இருக்கும் என்பதால், சந்தேகம் இருந்தால் ஒரு வாரம் பொறுத்துப் பாருங்கள், துளை பெரிதாகும்.

திறந்த புண்ணில் கூட்டமாகப் புழுக்கள் நெளிந்து, நாற்றமும் ரத்தம் கலந்த நீரும் வடிந்தால் அது ஸ்க்ரூவர்ம் வகையாக, அதாவது உயிருள்ள சதையைத் தின்னும் வேறு ஈக்களின் புழுவாக, இருக்கக் கூடும். அவை ஒரு வாரத்துக்குள் வளர்ந்து விழுந்துவிடுபவை, அந்த ஒரு வாரத்துக்குள் விலங்கின் உயிருக்கே ஆபத்து வரலாம். வார்பிளில் ஒரு துளைக்கு ஒரு புழு, நாற்றமில்லை, அவசரமும் இல்லை. டெர்மடோபியாவில் நிலைமை கொஞ்சம் குழப்பமானது, அங்கேயும் ஒரு துளை, ஒரு புழுதான். ஆனால் அதன் முட்டையைக் கொசு போன்ற பூச்சிகள் சுமந்து வருவதால், அவை எங்கே உட்காருகின்றனவோ அங்கெல்லாம் முடிச்சு வரும்: விலா, தோள், கால், எங்கும். புழு உள்ளே பயணம் செய்வதே இல்லை, நுழைந்த இடத்திலேயே வளர்கிறது. வெளியே எடுத்தால் முன்பகுதி பருத்து, பின்பகுதி குறுகி, குடுவை போல இருக்கும், பருத்த பகுதியைச் சுற்றி வரிசை வரிசையாகத் தடித்த முட்கள் இருக்கும். ஒரு முறை பார்த்தவர் மறுமுறை தவறமாட்டார்.

மூன்றாவது கேள்வி: கோடையில் மாடு எப்படி நடந்துகொண்டது?

இதை மேய்ப்பவரிடம் கேட்க வேண்டும். எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இது. அவர் பார்த்துவைத்திருப்பதில் பாதியைக்கூட நம் லென்ஸ் காட்டாது.

போவிஸ் ஈ ரீங்காரம் செய்துகொண்டு நேராக மாட்டின் மேல் பாயும். மாட்டுக்கு அது வலிக்க எதுவும் செய்வதில்லை, கடிப்பதற்கு அதற்கு வாயே இல்லை, ஆனாலும் அந்தச் சத்தத்துக்கு மாடுகள் வெறிபிடித்தாற்போல வாலைத் தூக்கிக்கொண்டு ஓடும், வேலியில் மோதும், தண்ணீரில் போய் நிற்கும். கோடையில் நல்ல வெயில் நாளில் மந்தை திடீரென்று இப்படிச் சிதறி ஓடியது என்று அவர் சொன்னால் போவிஸ் பக்கம் ஒரு புள்ளி போட்டுக்கொள்ளுங்கள். லினியேட்டம் அப்படியல்ல. அது தரையில் உட்கார்ந்து, தத்தித் தத்தி வந்து, சத்தமில்லாமல் குளம்புக்கு மேலே உள்ள மயிரில் வேலையை முடித்துவிடும், படுத்திருக்கும் மாட்டை அதிகம் நாடும். மாடு கொஞ்சம் காலை உதறும், அவ்வளவுதான். ஆகவே "மாடுகள் அமைதியாகத்தான் இருந்தன" என்று சொன்னால் ஈ இல்லை என்று பொருள் இல்லை.

முட்டை கிடைத்தால் அதுவும் நல்ல சாட்சி. ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் நீளத்தில் மஞ்சள் கலந்த வெள்ளையாக, மயிரின் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும். லினியேட்டம் ஒரே மயிரில் வரிசையாகப் பல முட்டைகளை அடுக்கிவைக்கும், போவிஸ் ஒரு மயிருக்கு ஒரு முட்டைதான் வைக்கும், அதுவும் காலின் மேற்பகுதியிலும் பின்தொடையிலும். மூன்றிலிருந்து ஏழு நாளுக்குள் பொரித்துவிடுவதால் உயிருள்ள முட்டையைப் பார்க்க அதிர்ஷ்டம் வேண்டும், ஆனால் பொரித்த பிறகும் வெறும் கூடு மயிரில் கொஞ்ச காலம் ஒட்டியிருக்கும். பேன் முட்டையோடு குழப்பிக்கொள்ளாதீர்கள், அதைக் கழுத்து, முதுகு, வால் பக்கம் எங்கும் காணலாம்.

மாதக் கணக்கும் உதவும். ஒரே இடத்தில் இரண்டு இனமும் இருந்தால் லினியேட்டம்தான் முந்தும்: ஈ ஏறக்குறைய ஒரு மாதம் முன்பே பறக்கத் தொடங்கும், புழுவும் முதுகுக்கு முன்பே வந்து சேரும். வெப்பமான பகுதிகளில் இந்தக் கணக்கு முழுவதுமே முன்னால் நகரும், இலையுதிர் காலத்திலேயே முதுகில் முடிச்சு பார்க்கலாம். வெள்ளாட்டு ஈயின் புழு தண்டுவடத்துக்கோ உணவுக்குழாய்க்கோ போவதில்லை, தோலுக்கு அடியிலேயே ஊர்ந்து முதுகுக்கு வந்துவிடும், குளிர்காலத்தில் அதன் முடிச்சுகள் நன்றாகத் தெரியும்.

புழுவை எடுப்பது

சரி, இப்போது கையில் புழு வேண்டும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். இது வெறும் சுத்தத்துக்காக மட்டும் சொல்வதல்ல, வார்பிள் புழுக்கள் மனிதரையும் அபூர்வமாகத் தாக்கியிருக்கின்றன, பனிமான் ஈயின் புழு மனிதர் கண்ணுக்குள் போன நிகழ்வுகள் பதிவாகியுள்ளன.

எந்தப் புழுவையும் எடுக்கக் கூடாது, முற்றினதை எடுக்க வேண்டும். துளை அகலமாக இருக்கும் முடிச்சைத் தேர்ந்தெடுங்கள், பென்சில் நுழையும் அளவு என்றால் சரியான பருவம். பொருக்கை நீக்கி, துளைக்குள் கொஞ்சம் ஹைட்ரஜன் பெராக்சைடை ஊற்றினால் புழு நெளிந்து மேலே வரும். அப்புறம் இரண்டு கட்டைவிரலாலும் முடிச்சின் அடியிலிருந்து, உச்சியிலிருந்து அல்ல, மெதுவாக மேல்நோக்கித் தள்ளுங்கள், வெளியே தெரிந்ததும் முனை மழுங்கின இடுக்கியால் பிடித்து எடுங்கள்.

நசுக்கக் கூடாது. எந்த நிலையிலும் நசுக்கக் கூடாது. புழு உள்ளேயே நசுங்கினால் அதன் உடல்நீர் மாட்டின் உடம்பில் பரவி, ஏற்கெனவே அதற்கு ஒவ்வாமை வந்திருக்கும் மாட்டுக்குத் திடீரென்று மூச்சுத்திணறலும் மயக்கமும் வரலாம், உயிர்கூடப் போகலாம். வர மறுத்தால் விட்டுவிட்டு அடுத்த முடிச்சுக்குப் போங்கள், இல்லையென்றால் மருத்துவரை எடுக்கச் சொல்லுங்கள்.

ஒரு மாட்டிலிருந்து ஒரே ஒரு புழுவோடு நிறுத்திவிடாதீர்கள். ஒரே முதுகில் இரண்டு இனமும் சேர்ந்து இருக்கலாம், குறைந்தது நாலைந்து புழுவாவது, முடிந்தால் வேறு வேறு மாட்டிலிருந்து எடுப்பது நல்லது. எடுத்ததும் கொதிநிலைக்குச் சற்றுக் குறைவான சூட்டில் உள்ள தண்ணீரில் அரை நிமிடம் போடுங்கள், புழு நீண்டு விறைத்துக்கொள்ளும், பிறகு 70 சதவீத எத்தனாலில் போட்டுவையுங்கள். நேராக எத்தனாலில் போட்டால் சுருங்கிக் கருத்துப்போய்ப் பார்க்க வேண்டியது எதுவும் தெரியாது. ஆனால் டி.என்.ஏ. சோதனைக்கு அனுப்பப் போவதாக இருந்தால் ஒன்றிரண்டைச் சூடுகாட்டாமல் 95 சதவீத எத்தனாலில் தனியாக வையுங்கள். விலங்கு, முடிச்சு இருந்த இடம், தேதி மூன்றையும் சிறு தாளில் பென்சிலால் எழுதிப் பாட்டிலுக்குள்ளேயே போடுங்கள், பேனா மை எத்தனாலில் கரைந்துவிடும்.

லென்ஸில் பார்க்க வேண்டியது

நிறத்தை மறந்துவிடுங்கள். இளம் புழு பால்வெள்ளை, வளர வளர மஞ்சள், அப்புறம் பழுப்பு, முற்றினால் ஏறக்குறைய கருப்பு. இது வயதைத்தான் சொல்லுமே தவிர இனத்தைச் சொல்லாது. நீளமும் பெரிய உதவி இல்லை: முற்றின போவிஸ் 27, 28 மில்லிமீட்டர், லினியேட்டம் 25 மில்லிமீட்டர் என்று புத்தகத்தில் இருக்கும், ஆனால் அரைகுறையாக வளர்ந்த போவிஸும் முற்றின லினியேட்டமும் ஒரே நீளம்தான்.

பார்க்க வேண்டியவை இரண்டு. பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் போதும், நுண்ணோக்கி இருந்தால் இன்னும் நிம்மதி.

ஒன்று, பின்முனையில் சிறுநீரக வடிவத்தில் இருக்கும் இரண்டு கருத்த மூச்சுத்தட்டுகள். தட்டின் நடுப்பக்கம் பொத்தான் போல ஒரு சிறு புள்ளி இருக்கும். போவிஸில் தட்டு அந்தப் புள்ளியை நோக்கிக் குழிந்து, புனல் போல உள்ளே இறங்கும், புள்ளியை ஏறக்குறைய முழுவதும் சூழ்ந்துகொள்ளும். லினியேட்டத்தில் தட்டு தட்டையாக இருக்கும், புள்ளிக்குப் போகும் வழி அகலமாகத் திறந்திருக்கும். பக்கவாட்டில் வெளிச்சம் விழும்படி பாட்டரி விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் போவிஸின் குழியில் நிழல் விழுவது தெளிவாகத் தெரியும். நேர் மேலிருந்து வெளிச்சம் அடித்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தோன்றும், இதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள்.

இரண்டு, முட்கள். புழுவின் உடம்பு வளையம் வளையமாக இருக்கும், வளையங்களின் ஓரங்களில் சிறு முட்கள் வரிசையாக இருக்கும். மூச்சுத்தட்டு இருக்கும் கடைசி வளையத்தில் இரண்டு இனத்துக்கும் முள் இல்லை. அதற்கு முந்தின வளையத்தைச் சுற்றித் திருப்பிப் பாருங்கள். எந்தப் பக்கமும் முள் இல்லை என்றால் போவிஸ், வயிற்றுப்பக்கம் முள் இருந்தால் லினியேட்டம். புழுவைத் துடைத்துக் கொஞ்சம் உலரவிட்டுப் பார்த்தால் முள் பளிச்சென்று தெரியும், ஈரத்தில் ஒட்டிக்கொண்டு மறைந்துவிடும்.

இரண்டு அடையாளமும் ஒரே பெயரைச் சொன்னால் எழுதிக்கொள்ளுங்கள். ஒன்று ஒரு பக்கமும் இன்னொன்று மறுபக்கமும் இழுத்தால், அல்லது புழு இன்னும் வெள்ளையாக இளசாக இருந்தால், "ஹைப்போடெர்மா, இனம் தெரியவில்லை" என்று எழுதுங்கள். அது தோல்வி இல்லை. தவறான பெயரை எழுதிவைப்பதுதான் பின்னால் எல்லோரையும் சிக்கவைக்கும். செம்மானிலிருந்தும் யாக்கிலிருந்தும் எடுத்த புழுக்களுக்குக் கைலென்ஸில் முடிவு சொல்ல வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து, ஆய்வகத்தில் இனத்துக்கு இனம் மாறுபடும் சைட்டோகுரோம் ஆக்சிடேஸ் மரபணுவைப் பார்த்தால் சந்தேகம் தீர்ந்துவிடும். முதுகில் முடிச்சு வருவதற்கு முன்பே தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் ரத்தத்திலோ பாலிலோ எதிர்ப்பொருள் பார்க்கும் எலைசா சோதனை இருக்கிறது. மந்தையில் தாக்குதல் இருக்கிறதா என்பதை அது சொல்லும், இனத்தைச் சொல்லாது.

கசாப்புக்கூடத்தில் வேலை செய்பவர்களுக்கு ஒரு குறுக்குவழி உண்டு. குளிர்கால மாட்டின் உணவுக்குழாய்ச் சுவரில் மஞ்சள் கலந்த கூழ் போன்ற வீக்கமும் அதற்குள் கண்ணாடி போல வெளிறிய மெல்லிய புழுவும் இருந்தால் லினியேட்டம், தண்டுவடத்தைச் சுற்றின கொழுப்பில் இருந்தால் போவிஸ். அந்தப் புழுக்களின் உருவத்தை வைத்துப் பிரிப்பது சிரமம், கிடைத்த இடமே போதும்.

பெயர் தெரிந்த பிறகு மருந்தின் நேரத்துக்கு வருவோம். ஈ பறக்கும் காலம் முடிந்த உடனே, புழு தண்டுவடத்துக்கோ உணவுக்குழாய்க்கோ போய்ச் சேரும் முன்பே கொடுப்பது நல்லது. அது தவறிவிட்டால் எல்லாம் முதுகுக்கு வந்து சேரும்வரை பொறுக்க வேண்டும். லினியேட்டம் இருக்கும் மந்தையில் இந்த இரண்டு தேதியும் முன்கூட்டியே வரும் என்பதை மறக்க வேண்டாம். உங்கள் பகுதிக்கான தேதியைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள், பால் கறக்கும் மாட்டுக்கு எந்த மருந்து அனுமதி என்பதையும் சேர்த்தே கேளுங்கள். சில நாடுகளில் இந்த ஈயைக் கண்டாலே அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். பிரிட்டனில் 1982 முதல் அப்படி ஒரு கட்டாயம் வந்து, 1990இல் நாடே வார்பிள் இல்லாததாக அறிவிக்கப்பட்டது. அப்படிப்பட்ட இடத்தில் நீங்கள் எடுத்த ஒரே ஒரு புழு பெரிய செய்தி, அதைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள்.

ஈ பரவலாக இருக்கும் பகுதி என்றால் ஒன்று செய்து பார்க்கலாம், ஒழிக்கப்பட்ட நாட்டில் செய்யக் கூடாது. தானாகக் கீழே விழுந்த கருத்த புழு ஒன்றை உலர்ந்த மணல் போட்ட டப்பாவில் விட்டு, வாயை மெல்லிய வலையால் இறுக்கிக் கட்டி, நிழலில் வையுங்கள். தோல் இறுகிக் கூடாகி, சூட்டைப் பொறுத்து ஒரு மாதமோ அதற்கு மேலோ கழித்துக் கூட்டின் மூடி திறந்து ஈ வெளிவரும். முதல் பார்வைக்குக் கருவண்டுத் தேனீ என்றே தோன்றும், இறக்கையை எண்ணினால் இரண்டுதான் இருக்கும், தேனீக்கு நான்கு. மார்பின் முன்பாதியில் மஞ்சள் மயிரும் பின்பாதியில் கருப்பு மயிரும் தெளிவாகப் பிரிந்து, ஏறக்குறைய 15 மில்லிமீட்டர் நீளம் இருந்தால் போவிஸ். மார்பு முழுக்க மயிர் கலந்து கிடந்து, நடுவில் நான்கு வழுவழுப்பான கோடுகள் ஓடி, 13 மில்லிமீட்டர் இருந்தால் லினியேட்டம். அதற்குத் தீனி எதுவும் வைக்க வேண்டாம், உண்பதற்கு வாய் இல்லை, சில நாளில் தானே செத்துவிடும். அதுவரை வலையைத் திறக்காதீர்கள், இறந்த பிறகு ஊசியில் குத்தி, அதே மாட்டின் புழு இருக்கும் பாட்டிலோடு சேர்த்து வையுங்கள்.